பல்கலைக்கழகத்தில் இசை படிக்க விரும்பும் மாணவர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இசைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் எவரும் "ஏன் இசை?" என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது. விண்ணப்பத்துடன் இணைக்கும் நோக்கக் கடிதத்திலும், நேர்காணல் அறையிலும், வீட்டிலும் அதே கேள்விதான் வெவ்வேறு குரலில் வந்து நிற்கிறது. இத்தகைய கடிதங்களைப் பல ஆண்டுகள் படித்தவன், தேர்வுக் குழுக்களில் அமர்ந்தவன் என்ற முறையில், மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த இசை மரபில் பயின்றவராக இருந்தாலும், பாடுபவரோ வாசிப்பவரோ, இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

எனக்கு இசை மிகவும் பிடிக்கும். அது போதிய காரணம் இல்லையா?

தொடங்குவதற்குப் போதும், மூன்று நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடிப்பதற்குப் போதாது. இசை பிடிக்காத மனிதரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால், அந்த ஒரு வாக்கியம் உங்களைப் பற்றி எதையும் சொல்வதில்லை. நிலவை ரசிப்பவர்கள் எல்லோரும் வானியல் படிக்கப் போவதில்லை அல்லவா? ரசிப்பவர் பாடல் முடியும்போது நிறைவடைந்து எழுந்துவிடுகிறார். படிப்பவரோ அதே பாடலை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, எடுப்பு எங்கே விழுகிறது, தாளம் எந்த இடத்தில் நம்மை ஏமாற்றுகிறது, ஒரு சுரம் ஏன் அங்கே அவ்வளவு நேரம் நிற்கிறது என்று துருவிக்கொண்டே இருக்கிறார். ஐம்பதாவது முறை கேட்கும்போது எந்தப் பாடலும் அலுத்துத்தான் போகும். அலுத்த பிறகும் அதில் தெரிந்துகொள்ள ஏதோ மிச்சம் இருக்கிறது என்று உறுத்தினால், அந்த உறுத்தலைத்தான் தேர்வுக் குழு தேடுகிறது.

என் ஆர்வம் எவ்வளவு ஆழமானது என்று எனக்கே எப்படித் தெரியும்?

கடந்த முப்பது நாட்களில், தேர்வோ நிகழ்ச்சியோ நெருங்காத வேளையில், யாரும் சொல்லாமல் இசைக்காக நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மனம் தன்னைப் பற்றி மிகையாகவே பேசும் என்பதால், அதைக் கேட்பதைவிட இது நம்பத்தக்கது.

ஒருமுறை நேர்காணலுக்கு வந்த வயலின் மாணவி ஒருவரிடம், சென்ற வாரம் என்ன பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டோம். ஒரே தந்தியில் மேலிருந்து கீழே இறங்கும் நான்கு சுரங்களைப் பற்றி மட்டும் அவர் ஐந்து நிமிடம் பேசினார். மூன்றாவது சுரம் இம்மியளவு தாழ்ந்து ஒலித்ததாகவும், வாசிக்கும்போது சரியாகவே கேட்டது கைபேசியில் பதிவுசெய்து கேட்டபோதுதான் பிசகாகத் தெரிந்ததாகவும், சுண்டுவிரலைத் தூக்கும் கணத்தில் இடக்கை முழுவதும் பின்னோக்கி நகர்ந்துவிடுவதே காரணம் என்று மூன்று நாள் கழித்துப் பிடிபட்டதாகவும் சொன்னார். சொல்லும்போதே அவருடைய இடக்கை, கருவி இல்லாமலேயே, மடியின்மேல் அந்த அசைவைச் செய்துகொண்டிருந்தது. அன்று வாசித்தவர்களில் அவர் முதலிடத்தில் இல்லை. ஆனாலும் அவரைச் சேர்த்துக்கொள்வதா என்ற விவாதமே எங்களிடையே எழவில்லை.

இதற்கு ஒரு ஆய்வுத் துணையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் கேரி மெக்ஃபர்சன் என்னும் ஆய்வாளர், கருவியிசை கற்கவிருந்த பள்ளிச் சிறாரிடம், எத்தனை காலம் இதை வாசிக்கப் போவதாக நினைக்கிறாய் என்று தொடக்கத்திலேயே கேட்டுக் குறித்துக்கொண்டார். பின்னர் சோதித்தபோது, ஒரே அளவு பயிற்சி செய்தவர்களுக்குள்ளும், நெடுங்காலம் வாசிப்பேன் என்று சொன்ன பிள்ளைகள் சிறிது காலம் என்று சொன்னவர்களைவிடத் தெளிவாக முந்தியிருந்தனர். பயிற்சி நேரம் ஒன்றாக இருந்தாலும், தன்னை யாராகக் கருதிக்கொண்டு பயிற்சி செய்கிறோம் என்பதைப் பொறுத்து விளைச்சல் மாறுகிறது.

பரிசு, பாராட்டு, புகழ் ஆகியவற்றை விரும்புவது தவறான நோக்கமா?

தவறில்லை. அவற்றை மறைத்து எழுதும் கடிதங்களைவிட, மேடையில் கைத்தட்டு வாங்கிய நாளை நேர்மையாக ஒப்புக்கொள்ளும் கடிதம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த எரிபொருள் எப்படி எரிகிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 1971இல் உளவியலாளர் எட்வர்ட் டெசி, கல்லூரி மாணவர்களைப் புதிர்க்கட்டைகளைச் சேர்க்கச் சொல்லி, ஒரு பிரிவினருக்கு மட்டும் பணம் கொடுத்தார். பணத்தை நிறுத்திய பிறகு, ஓய்வு வேளையில் தாமாகவே புதிரை எடுத்து விளையாடும் விருப்பம் அந்தப் பிரிவினரிடம் குறைந்திருந்தது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் படம் வரைவதில் ஆசையுள்ள மழலையரிடம் இதையே சோதித்தனர். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர் மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடம் இந்தக் குறைவு ஏற்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பரிசு கெடுதல் செய்யவில்லை; பரிசுக்காக என்று முன்னமே பேசி முடித்துக்கொண்டதுதான் கெடுதல் செய்தது.

போட்டிகளில் வென்றே வளர்ந்த மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் முதலாண்டில் திணறுவதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். அங்கே போட்டிகள் குறைவு, தனியறையில் கழியும் மணிநேரங்கள் அதிகம், பாராட்டும் பெற்றோர் அருகில் இல்லை. டெசியும் ரிச்சர்ட் ரயனும் பிற்பாடு வகுத்த கோட்பாட்டின்படி, உள்ளிருந்து எழும் ஊக்கத்துக்கு மூன்று ஊட்டங்கள் தேவை: தானே தெரிவுசெய்கிறேன் என்ற உணர்வு, திறன் கூடுகிறது என்ற உணர்வு, ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன் என்ற உணர்வு. நீங்கள் சேரவிருக்கும் துறை இந்த மூன்றில் எதைத் தரும், எதை நீங்களே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நல்ல ஆசிரியரிடம் தனியாகக் கற்றால் போதாதா? பல்கலைக்கழகம் எதற்கு?

வாசிப்பதையோ பாடுவதையோ மட்டும் மேம்படுத்திக்கொள்வது உங்கள் நோக்கமானால், ஒரு நல்ல ஆசிரியரே போதும் என்று சொல்லத் தயங்க மாட்டேன். பல்கலைக்கழகம் தருவது வேறு. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு உதவும்.

ஐரோப்பாவின் இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் எண்கணிதம், வடிவியல், வானியல் ஆகியவற்றோடு இசையும் ஒரு பாடமாக இருந்தது. ஆனால் அங்கே யாரும் பாடக் கற்றுக்கொள்ளவில்லை. தந்தியைப் பாதியாக்கினால் மேல் ஸ்தாயி ஏன் கிடைக்கிறது, மூன்றில் இரண்டு பங்கை ஒலிக்கவிட்டால் பஞ்சமம் ஏன் கிடைக்கிறது என்ற விகிதக் கணக்குகளே பாடமாக இருந்தன. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ரோமானிய அறிஞர் போயத்தியஸ், கருவியை வாசிப்பவரையும் பாட்டைக் கட்டுபவரையும்விட, இசையைப் பகுத்தறிவால் எடைபோடுபவரே உண்மையான இசைஞர் என்று தீர்ப்பளித்தார். (விரல் தேய வாசித்த கலைஞர் ஒருவர் அந்த வரியைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.) கலைஞர்களைப் பயிற்றுவிக்கும் வேலையை 1795இல் நிறுவப்பட்ட பாரிஸ் இசைக்கழகம் போன்ற தனி நிறுவனங்கள் ஏற்றன. இசையை ஆராய்ச்சித் துறையாக வகுக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. ஒரே சுரம் குழலில் ஒரு விதமாகவும் தந்தியில் வேறு விதமாகவும் ஒலிப்பதற்கு, அதனுடன் சேர்ந்து எழும் மேற்சுரங்களின் கலவையே காரணம் என்று 1863இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். 1885இல் கீடோ ஆட்லர் இசையியலை வரலாறு சார்ந்தது, கோட்பாடு சார்ந்தது என இரு கிளைகளாகப் பிரித்துக் காட்டினார். அதே ஆண்டில் அலெக்சாண்டர் எல்லிஸ், வெவ்வேறு மக்களின் சுர வரிசைகளை எண்ணால் ஒப்பிடுவதற்காக ஒரு ஸ்தாயியை 1200 சென்ட்டுகளாகப் பகுத்தார்.

இன்றைய இசைப் பட்டப்படிப்பு இந்த இரண்டு ஓடைகளும் கலந்த ஆறு. எனவே அங்கே போகும் மாணவர், தம் கைக்கு வேண்டிய பயிற்சியோடு, தாம் வளர்ந்த மரபுக்கு வெளியே உள்ள இசையையும், இசையைப் பற்றி ஆதாரத்தோடு பேசும் முறையையும் கற்கிறார். தம்மைவிட நன்றாக வாசிக்கும் பத்துப் பேருக்கு நடுவில் தினமும் உட்கார வேண்டிய கட்டாயமும் அதில் அடக்கம். என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் விலைமதிப்பானது இதுதான். தமிழில் 'கேள்வி' என்ற சொல்லுக்கு வினா என்ற பொருளோடு, செவிவழி பெறும் அறிவு என்ற பொருளும் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பயில விரும்புபவர்களுக்கு உரிய இடம் அது.

மேடையில் நிகழ்த்த எனக்கு விருப்பம் இல்லை. அப்படியும் இசை படிக்கலாமா?

தாராளமாகப் படிக்கலாம். இதை ஒரு குறைபாட்டைப் போலத் தயங்கித் தயங்கிச் சொல்லும் மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். இசை வரலாறு, ஒலியியல், இசையமைப்பு, ஒலிப்பதிவு, கற்பித்தல், இசை உளவியல், ஆவணக்காப்பு, இசைச் சிகிச்சை எனக் கிளைகள் பல உண்டு. இவற்றில் பலவும் வயதில் இளையவை. 1877இல் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கியதற்குப் பின்னரே, எழுதி வைக்கப்படாத இசையைச் சேகரித்து ஆராய்வது சாத்தியமாயிற்று. மெழுகு உருளைகளில் உலகின் பல மக்களது பாடல்களைச் சேர்த்துவைத்த பெர்லின் ஒலிப்பதிவுக் காப்பகம் 1900இல் தொடங்கியது. இசைச் சிகிச்சைக்கான முதல் பட்டப்படிப்பு 1944இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவானது.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். மேடை பிடிக்காது என்பதும் மேடை பயம் என்பதும் ஒன்றல்ல. பயத்தின் காரணமாக விலகி, பிறகு நான்கு ஆண்டுகளும் அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்து ஏங்கியவர்களை எனக்குத் தெரியும். மேலும், பெரும்பாலான படிப்புகள் எந்தக் கிளையைத் தேர்ந்தவரிடமும் ஓரளவு பாடவோ வாசிக்கவோ எதிர்பார்க்கும்.

இசை பிடிக்கிறது, ஆனால் பயிற்சி செய்யப் பிடிக்கவில்லை. நான் தகுதியற்றவனா?

நீங்கள் இயல்பானவர். 1993இல் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய குழுவினரும் பெர்லினில் இசை பயின்ற வயலின் மாணவர்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, பத்தாயிரம் மணிநேரம் பயின்றால் எவரும் வல்லவராகலாம் என்ற முழக்கமாக உலகெங்கும் பரவியது. மிகச் சிறந்தவர்கள் 18 வயதுக்குள் சராசரியாக 7,410 மணிநேரமும், பள்ளி இசை ஆசிரியராகப் பயின்றவர்கள் 3,420 மணிநேரமும் தனியே பயிற்சி செய்திருந்தனர் என்பது அதில் வரும் கணக்கு. முழக்கத்தில் காணாமல்போன செய்தி வேறொன்று: முன்னேற்றத்துக்கு மிக முக்கியமானது தனிப்பயிற்சியே என்று மதிப்பிட்ட அதே மாணவர்கள், அதை இன்பமான செயல்களின் வரிசையில் உயரத்தில் வைக்கவில்லை. 2019இல் புரூக் மக்னமாராவும் மேகா மைத்ராவும் அந்த ஆய்வை மீண்டும் செய்தபோது, மிகச் சிறந்தவர்களுக்கும் அடுத்த நிலையில் இருந்தவர்களுக்கும் பயிற்சி நேரத்தில் வேறுபாடு தென்படவில்லை. ஆகவே மணிநேரக் கணக்கை ஒரு வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சாதகம் செய்ய உட்காரும் முதல் பத்து நிமிடம் கசக்கிறதா, அல்லது முழு ஒரு மணிநேரமும் கசக்கிறதா என்று பாருங்கள். முதலாவது எல்லோருக்கும் உள்ளது. இரண்டாவது மாதக்கணக்கில் நீடித்தால், பயிற்சி செய்யும் விதத்தை மாற்ற வேண்டும். பாடல் முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிவிட்டு, தடுக்கிய இடத்தை அப்படியே விட்டுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குபவருக்குச் சலிப்பு வராமல் இருந்தால்தான் வியப்பு. தடுக்கிய சிறு பகுதியை மட்டும் எடுத்து, பாதி வேகத்தில், என்ன பிசகுகிறது என்று தேடினால் பயிற்சி ஒரு புலனாய்வைப் போல ஆகிவிடும். விதத்தை மாற்றியும் கசப்பு குறையவில்லையென்றால், முந்தைய கேள்வியில் சொன்ன வேறு கிளைகளைப் பரிசீலியுங்கள்.

நான் தாமதமாகத் தொடங்கினேன். எனக்கு இடம் உண்டா?

கருவியையும் நோக்கத்தையும் பொறுத்தது. தனிக்கலைஞராக வயலின் அல்லது பியானோ வாசிக்கும் போட்டியில், ஐந்து வயதில் தொடங்கியவர்களை எட்டிப்பிடிப்பது கடினம் என்பதை மறைப்பதில் பயனில்லை. குரலிசையில் நிலைமை வேறு. தொண்டை முதிர்ந்த பிறகே தீவிரப் பயிற்சி தொடங்குகிறது. இசையமைப்பிலும் ஆராய்ச்சியிலும் வயது ஒரு பொருட்டே இல்லை. சிறு வயதில் பியானோ கற்றிருந்த ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி, சட்டம் படித்து நீதி அமைச்சகத்தில் எழுத்தர் வேலை பார்த்துவிட்டு, 1862இல் புதிதாகத் திறக்கப்பட்ட புனித பீட்டர்ஸ்பர்க் இசைக்கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 22.

இசைக்குறிப்பைப் படித்து வாசிக்கத் தெரியாது. அது தடையா?

சில படிப்புகளில் தடை, சிலவற்றில் இல்லை. சேர்க்கை விதிகளைப் பாருங்கள். தேவையென்றால் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம் இது. செவிவழியாகவே கற்று வந்தவர்களின் காது பெரும்பாலும் கூர்மையாக இருப்பதால், வகுப்பில் அவர்களுக்கு வேறொரு வகையில் ஆதாயம் உண்டு.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

"கலைக்கு விலை இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதைக் கலையின் மீது தொடுக்கப்பட்ட தாக்குதலாக எடுத்துக்கொண்டு கோபப்படும் மாணவரிடம் பெரும்பாலும் பதில் இல்லை என்பதே என் அனுபவம். இசை படித்தவர்களில் மிகச் சிலரே மேடையை மட்டும் நம்பி வாழ்கிறார்கள். பலர் வாரத்தில் சில நாள் கற்பித்து, சில நாள் நிகழ்த்தி, இடையில் ஒலிப்பதிவோ ஏற்பாட்டுப் பணியோ செய்து, பல ஓடைகளிலிருந்து வருமானத்தைச் சேர்க்கிறார்கள். அந்த வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவருமா என்பதுதான் உண்மையான கேள்வி.

உங்களுக்குத் தெரிந்த இசைக் கலைஞர்கள், ஆசிரியர்கள், ஒலிப்பதிவாளர்கள் மூவரைச் சந்தித்து, அவர்களுடைய ஒரு வாரம் எப்படிக் கழிகிறது என்று நாள்வாரியாகக் கேட்டு எழுதிவாருங்கள். அந்தத் தாளைப் பெற்றோருடன் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். அவர்கள் சம்மதிக்காமலும் போகலாம். ஆனால் ஒரு ஆசையைப் பற்றிய வாக்குவாதம், ஒரு திட்டத்தைப் பற்றிய பேச்சாக மாறியிருக்கும். அதோடு, அந்தத் தாளைப் படித்த பிறகும் உங்களுக்கே ஆசை குறையாமல் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

நோக்கக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

முதலில், எதை எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். "சிறு வயது முதலே இசை என் உயிர்மூச்சாக இருந்து வருகிறது" என்று தொடங்கும் கடிதங்களை எண்ணுவதை நான் என்றோ நிறுத்திவிட்டேன். "இசை மொழிகளைக் கடந்தது", "இசையால் உலகை மாற்ற விரும்புகிறேன்" ஆகிய இரண்டும் அடுத்தடுத்த வரிசையில் நிற்பவை. இவை பொய் என்று சொல்லவில்லை. யார் பெயரை வேண்டுமானாலும் கீழே எழுதிக்கொள்ளலாம் என்பதுதான் இவற்றின் சிக்கல்.

உங்களைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்க முடியாத ஒரு பத்தியை எழுதுங்கள். இப்படி ஒன்று வந்தால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்: "கடந்த ஆண்டு ஒரே பாடலின் மூன்று ஒலிப்பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டேன். மூன்றிலும் ஒரே சுரம் வெவ்வேறு உயரத்தில் நிற்பதாக என் காதுக்குப் பட்டது. என் காதுதான் பிழையோ என்று நினைத்து, ஒலியை அளக்கும் செயலியில் இட்டுப் பார்த்தேன்; வேறுபாடு இருந்தது. எது சரி என்று என் ஆசிரியரிடம் கேட்டபோது, மூன்றும் சரி என்றார். அது எப்படிச் சாத்தியம் என்பதை விளக்கும் அறிவு எனக்கு இல்லை. அதைத் தேடித்தான் விண்ணப்பிக்கிறேன்." இதில் உயிரும் இல்லை, மூச்சும் இல்லை. ஆனால் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் என்ன கேட்டார், எதில் குழம்பினார், குழப்பத்தைத் தீர்க்க என்ன செய்தார், எங்கே முட்டி நின்றார் என்பது ஏழெட்டு வரியில் தெரிகிறது. முட்டி நின்ற இடத்தைச் சொல்வதற்குப் பல மாணவர்கள் அஞ்சுகிறார்கள். தெரியாததை ஒப்புக்கொண்டால் இடம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். எல்லாம் தெரிந்தவருக்குப் பல்கலைக்கழகம் எதற்கு?

அடுத்து, அந்தத் தேடலை இந்தக் குறிப்பிட்ட துறையோடு இணையுங்கள். அங்கே கற்பிக்கப்படும் பாடங்களின் பட்டியலைப் படித்து, உங்கள் கேள்விக்கு எந்தப் பாடம் துணை செய்யும் என்று எழுதுங்கள். நிறுவனத்தின் புகழைப் பாட வேண்டாம். அது அவர்களுக்கே தெரியும். பரிசுப் பட்டியலுக்கு விண்ணப்பத்தில் வேறு இடம் இருக்கும் என்பதால் அதைக் கடிதத்தில் மீண்டும் அடுக்க வேண்டாம். உங்களைக் கவர்ந்த ஒரு பெரிய கலைஞரைப் பற்றி எழுதினால், பத்தியின் முடிவில் அவர் மறைந்து நீங்கள் தெரிகிறீர்களா என்று சரிபாருங்கள்.

நேர்காணலில் கடிதத்தில் எழுதியதையே கேட்பார்களா?

அதிலிருந்துதான் தொடங்குவார்கள். அண்மையில் கேட்ட இசையில் உங்களைக் குழப்பியது எது, உங்களுக்குப் பிடிக்காத இசை எது, ஏன் என்பவையும் வழக்கமான கேள்விகள். பிடிக்காததைப் பற்றிப் பேசும்போது பலர் தடுமாறுவார்கள். அதை மட்டம்தட்டாமல், அது எதைச் செய்ய முயல்கிறது, எந்த இடத்தில் உங்களை விட்டு விலகுகிறது என்று சொல்லப் பழகுங்கள். கடிதத்தை வேறொருவர் எழுதியிருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும்.

படிப்பின் நடுவில் ஆர்வம் வற்றிப்போனால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைச் சேர்வதற்கு முன்பே கேட்பவர்கள் குறைவு; கேட்டவர்களை நான் மனத்துக்குள் மெச்சிக்கொள்வேன். ஆர்வம் ஒருமுறையாவது வற்றும். பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் அது நிகழ்கிறது. சேர்ந்த புதிதின் கிளர்ச்சி அடங்கியிருக்கும், காது கூர்மையாகிவிட்டதால் முன்பு நன்றாக ஒலித்த தம் வாசிப்பே இப்போது பிழைகள் மலிந்ததாகக் கேட்கும். கை ஒரு படி ஏறுவதற்குள் காது மூன்று படி ஏறிவிடுவதால் உண்டாகும் சோர்வு இது. உண்மையில் அது முன்னேற்றத்தின் அடையாளம். ஆனால் அந்த நேரத்தில் யார் சொன்னாலும் நம்ப மாட்டீர்கள் என்பதால், இப்போதே ஒரு வேலை செய்துவையுங்கள். மாதம் ஒருமுறை ஒரே பாடலைப் பதிவுசெய்து, தேதியிட்டு, கேட்காமல் வைத்துவிடுங்கள். சோர்வு வரும் நாளில் முதல் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

இன்னொரு வகை வறட்சி, பொழுதுபோக்காக இருந்தது கடமையாக மாறுவதால் வருவது. மதிப்பெண்ணுக்காகவே வாசிக்கும் நிலையில், மதிப்பெண் இல்லாத ஒரு மூலையை வைத்துக்கொள்ளுங்கள்: நண்பர்களுடன் வாரம் ஒருமுறை பாடத்திட்டத்துக்கு வெளியே எதையாவது வாசிப்பது, சிறு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது, முற்றிலும் அறியாத கருவி ஒன்றைத் தப்பும் தவறுமாகப் பழகுவது. தூக்கமின்மை, பசியின்மை, எதிலுமே நாட்டமின்மை ஆகியவை சேர்ந்து பல வாரம் நீடித்தால், அதை இசை ஆர்வம் குறித்த பிரச்சினையாக நினைத்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

உடல் ஒத்துழைக்குமா என்பதையும் யோசிக்க வேண்டுமா?

வேண்டும்; எவருமே முன்கூட்டிச் சொல்லாத விஷயம் இது. நாளுக்கு ஐந்தாறு மணிநேரம் ஒரே அசைவைச் செய்யும் கையும், அதே அளவு ஒலியைத் தாங்கும் காதும் தேயக்கூடியவை. 85 டெசிபல் அளவுள்ள ஒலியை நாளுக்கு எட்டு மணிநேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பதும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பதும் தொழில்சார் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் பரிந்துரை. அதன்படி 91 டெசிபலில் இரண்டு மணிநேரம்தான். வயலின் இடக்காதுக்கு அருகிலேயே ஒலிக்கிறது, தோற்கருவிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷர், புகழின் உச்சியில் இருந்த 1960களின் நடுவில், தசைக்கட்டுப்பாட்டுக் கோளாற்றால் வலக்கை விரல்களின் ஆளுமையை இழந்தார். இடக்கைக்காக மட்டும் எழுதப்பட்ட இசையை வாசித்தும், கற்பித்தும், இசைக்குழுக்களை நடத்தியும் காலம் கடத்தி, சிகிச்சைக்குப் பின் 1990களில்தான் இரு கைகளாலும் மீண்டும் வாசித்தார். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பதை அர்ப்பணிப்பு என்று எண்ணும் வழக்கம் உங்களிடம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

வேறொரு பட்டம் படித்துக்கொண்டே இசையைத் தொடர்வது கோழைத்தனமா?

இல்லை. ரஷ்யாவின் போரோதின் தொழிலால் வேதியியல் பேராசிரியர். ஓய்வு நேரத்தில் இசையமைத்தார். 1887இல் இறந்தபோது, பல ஆண்டுகளாக எழுதிவந்த இசைநாடகம் முடியாமலே கிடந்ததால் நண்பர்கள் அதை நிறைவுசெய்தார்கள். இந்தப் பாதையில் கிடைக்கும் சுதந்திரம், அதற்குக் கொடுக்க வேண்டிய விலை இரண்டுமே அவர் வாழ்க்கையில் தெரிகின்றன. உங்கள் கேள்விகள் கையையும் காதையும் சார்ந்தவையாக இருந்து, நாளின் சிறந்த மணிநேரங்களை அவை கேட்டால் மட்டும், பகுதி நேரத்தில் அவற்றுக்கு விடை கிடைப்பது அரிது.

சேர்ந்தபோது இருந்த நோக்கம் பிறகு மாறிவிட்டால், கடிதத்தில் எழுதியது பொய்யாகிவிடாதா?

ஆகாது. அங்கேரியின் பேலா பார்டோக் புடாபெஸ்ட் இசைக்கழகத்தில் பியானோவும் இசையமைப்பும் படித்து 1903இல் வெளியே வந்தார். அடுத்த ஆண்டு, விடுமுறையில் தங்கியிருந்த இடத்தில், பக்கத்து அறையில் ஒரு பணிப்பெண் பாடிய நாட்டுப்பாடல் அவர் காதில் விழுந்தது. தாம் படித்த எதிலும் அடங்காத அந்த மெட்டை அவர் எழுதிவைத்துக்கொண்டார். 1906இல் இசையமைப்பாளர் கோடாயுடன் சேர்ந்து ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகத் தொடங்கி, பின்னர் ஆயிரக்கணக்கான பாடல்களைச் சேகரித்தார். பியானோக் கலைஞராக வேண்டும் என்று நுழைந்தவர் நாட்டுப்புற இசை ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவரானார். ஆனால் கேட்ட மாத்திரத்தில் அந்த மெட்டை எழுத்தில் பிடித்துவைக்கும் காதும் கையும் அந்த இசைக்கழகத்தில் பயின்றவை.

கடிதத்தை அனுப்புவதற்கு முன் யாரிடமாவது காட்டலாமா?

உங்களை நெடுநாள் அறிந்த ஆசிரியரிடம் காட்டுங்கள். மொழிப்பிழை திருத்துவதற்காக மட்டும் அல்ல. படித்துக்கொண்டே வரும்போது, "இதை நீ என்னிடம் ஒருநாளும் சொன்னதே இல்லையே" என்று அவர் எந்த இடத்தில் நிமிர்கிறாரோ, அந்தப் பத்தியைக் கடிதத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.